மழைக்குப் பிறகு துரஹள்ளி பக்கம் பாதை எப்படி? புதுப் பாதை கேட்டால் கொடுப்பார்களா?

கோணனகுண்டே_கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் மதுரை, இப்போது பெங்களூரில் கோணனகுண்டே கிராஸ் பக்கம் குடியிருக்கிறேன். ஆடி மாதத்தில் ஒரு ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுன்டன் பைக்) வாங்கினேன். செகண்ட்ஹேண்ட்தான், ஆனால் 29 இன்ச் சக்கரம், 120 மில்லி ஃபோர்க், இரண்டு பிரேக்கும் ஹைட்ராலிக். இத்தனை நாளும் கனகபுரா ரோட்டு ஓரத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். லாரி ஹாரனிலேயே பாதி உயிர் போய்விட்டது. இனி மண்ணில்தான் என்று முடிவு செய்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

தீபாவளியை ஒட்டிப் பெய்த மழையில் துரஹள்ளி, அவலஹள்ளி காட்டுப் பக்கமெல்லாம் நிலவரம் என்ன? யாராவது போய்ப் பார்த்தீர்களா?

இன்னொன்று. போன ஞாயிறு ஊரின் தெற்கு ஓரத்தில் ஒரு காட்டு வாசலில் காவலர் நிறுத்திவிட்டார். நடந்து போவதென்றால் போங்கள், சைக்கிள் கூடாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அங்கே பல வருஷமாக ஓட்டுகிறவர்கள் உண்டு என்று சைக்கிள் கடையில் சொல்லித்தான் நான் போனேன். உண்மையில் விதி என்ன?

இதைவிட முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். எங்கள் லே-அவுட்டுக்குப் பின்னால் சின்ன ஏரி இருக்கிறது. அதன் கரையைத் தாண்டினால் ஒரு தைலமரத் தோப்பு, தோப்புக்குப் பின்னால் பாறை மேடு. ஆடு மேய்ப்பவர்கள் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை தானாகவே விழுந்திருக்கிறது. கொஞ்சம் சரிசெய்தால் நாலு கிலோமீட்டர் சுற்று கிடைக்கும் போலிருக்கிறது. இதை முறைப்படி கேட்டு வாங்க முடியுமா? யாரிடம் கேட்பது? ஆபீஸ் நண்பன் ஆன்லைனில் கையெழுத்து வாங்கு என்கிறான். என் கன்னடம் ஆட்டோ பேரத்துக்கு மேல் போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உல்சூர்_மணி:

தம்பி, நிலவரம் மட்டும் நான் சொல்கிறேன்.

மேட்டு நிலம் சரளை கலந்த செம்மண். ஒரு நாள் நல்ல வெயில் அடித்தால் தண்ணீர் இறங்கிவிடும், இரண்டாம் நாள் தாராளமாக ஓட்டலாம். வில்லங்கம் எல்லாம் ஏரி ஓரத்திலும் பள்ளத்திலும்தான். அங்கே களி. டயரில் அப்பி ஃபோர்க்குக்குள் அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது, தோளில் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். பாறைச் சரிவில் பாசி பிடித்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது அருமையாகப் பிடித்து நிற்கிற அதே பாறையில் இப்போது முன் பிரேக்கைத் தொட்டால் ஆள் கீழே.

உண்ணிச்செடி இரண்டு பக்கமும் மூடி வளர்ந்திருக்கிறது, முழுவிரல் கையுறை போட்டுக்கொள். நெருஞ்சி இப்போது மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது, பார்க்க அழகாக இருக்கும். டிசம்பரில் அந்தக் காய் காய்ந்து முள்ளானால் எந்த ட்யூபும் தாங்காது. இப்போதே ட்யூப்லெஸ்ஸுக்கு மாற்றி, ஓட்டையைத் தானே அடைக்கிற சீலன்ட் ஊற்றிவிடு. காற்று 22 முதல் 25 பிஎஸ்ஐ, உன் எடையைப் பார்த்து வைத்துக்கொள். ரோட்டில் வைத்த 40ஐ அப்படியே வைத்துக்கொண்டு மண்ணில் இறங்காதே, கல்லுக்குக் கல் துள்ளும்.

புல் உயரமாக இருக்கிற இடத்தில் கண்ணாடி விரியன் கிடக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது காலடி பார்த்து நட.

விதி, மனு எல்லாம் மேட்டக்கா வந்து சொல்வார். அவருக்குத்தான் அந்தப் பொறுமை உண்டு.

சயனைடு_மேட்டுக்காரி:

மணி என்னைக் கோர்த்துவிட்டுப் போய்விட்டார். சரி.

கார்த்தி, புதிதாக வந்திருக்கிறீர்கள், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் கேஜிஎஃப்காரி, கோலார் தங்கவயல். சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த மேடுகளை எங்கள் ஊரில் சயனைடு மேடு என்றுதான் சொல்வோம். 2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், மேடு மட்டும் அப்படியே நிற்கிறது. அப்பாவின் கருப்புச் சைக்கிளை அதன்மேல் தள்ளி ஏற்றி, அண்ணன்களோடு சரிவில் விட்டுத்தான் நான் சைக்கிள் பழகினேன். அந்தத் தூசி உடம்புக்கு ஆகாது, இப்போது யாரும் அங்கே போய்ச் செய்து பார்க்க வேண்டாம். சரிவுப் பைத்தியம் எனக்கு எங்கே பிடித்தது என்பதற்காகச் சொன்னேன்.

முதலில் விதி. துரஹள்ளி வனத்துறை நிலம். இங்கே நடப்பது 1963ஆம் ஆண்டு கர்நாடக வனச் சட்டம். ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே அதில் குற்றம்தான். காலில் போனாயா சக்கரத்தில் போனாயா என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வருகிற பேச்சு. எந்தக் காட்டிலாவது நடப்பவர்களை விடுகிறார்கள் என்றால் அது விட்டுக்கொடுத்தது, உரிமை என்று நினைக்க வேண்டாம். பன்னேர்கட்டா தேசியப் பூங்காவுக்குள் இன்னும் கடுமை, அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும், யானையும் சேர்ந்துகொள்ளும். ஓட்டிய வழியைப் பதிகிற ஸ்ட்ராவா செயலியில் ஒரு ஆரஞ்சுக் கோடு தெரிந்தால் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிற பையன்களை நிறையப் பார்க்கிறேன். அந்தக் கோடு போட்டவனும் உங்களைப் போல யாரோ ஒருவன்தான்.

அதனால் வாசலில் நின்று வாதாடாதீர்கள். அந்தக் காவலர் விதி எழுதியவர் இல்லை. வணக்கம் சொல்லி, ரேஞ்ச் ஆபீஸ் எங்கே, எந்த நாளில் ஆஃபீசர் இருப்பார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். அது உபயோகமான பேச்சு.

இப்போது நம் பக்கம். போன வாரம் நான் பார்த்த ஒரு சரிவைச் சொல்கிறேன், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். ஆட்டுத்தடம் ஒரு முழம் அகலம்தான் இருந்திருக்கும். மழை பெய்த மறுநாளே யாரோ ஏறியிருக்கிறார்கள். கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு டயர் கோடு. அடுத்த மழைத்தண்ணீர் அந்தக் கோட்டையே வாய்க்காலாக எடுத்துக்கொண்டு ஓடி, மண்ணை அரித்து, ஒரு புங்க மரத்தின் வேர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேரில் மோத வேண்டாம் என்று அடுத்து வந்தவர்கள் பக்கத்தில் ஏறியிருக்கிறார்கள். அங்கேயும் கோடு. அதற்கும் பக்கத்தில் மூன்றாவது. இப்போது அது மாட்டுவண்டி போகிற அகலம். கீழே போய்ப் பார்த்தால் அரித்து வந்த மண்ணெல்லாம் ஓடையில் விசிறி விரித்துக் கிடக்கிறது. ஆட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார், என் ஹெல்மெட்டை ஏற இறங்கப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

பாதை கேட்கப் போகும்போது அதிகாரி இந்தச் சரிவைத்தான் நினைப்பார். ஆகவே கையெழுத்து வேட்டைக்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் குழுவில் எத்தனை பேர் இருந்தாலும், ஈர மண்ணில் ஏறுவதில்லை என்று முதலில் உங்களுக்குள் முடிவு செய்யுங்கள். சோதனை எளிது. பாதையில் கட்டைவிரலை அழுத்துங்கள். நகம் புதைந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். குட்டை குறுக்கிட்டால் சுற்றிப் போகாமல் நடுவிலேயே போங்கள், சைக்கிளைக் கழுவிக்கொள்ளலாம், அகன்றுபோன பாதையை யாரும் குறுக்க முடியாது. பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு வீடியோ எடுக்கிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும்தான் மழை கொட்டுகிற மாதங்கள். அந்த இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டால் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மண் கல்லாக இறுகிவிடும், சைக்கிள் நம்மைக் கேட்காமலே ஓடும்.

நிலம் யாருடையது என்பது அடுத்தது. உங்கள் கண்ணுக்கு ஏரி, தோப்பு, மேடு என்று தெரிவது காகிதத்தில் மூன்று இலாகாவாக இருக்கும். போனில் திஷாங்க் செயலியைப் போட்டுக்கொண்டு அந்த இடத்திலேயே நின்று பாருங்கள், சர்வே எண் வரும். அந்த எண்ணை அரசின் நில ஆவணத் தளமான 'பூமி'யில் போட்டுப் பஹணி (நில உரிமைப் பதிவு) எடுங்கள். ஒன்பதாவது கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தனியார் பெயர் இருந்தால் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். சர்க்காரி கோமாளா என்றிருந்தால் மேய்ச்சலுக்கு ஒதுக்கிய அரசு நிலம், வருவாய்த்துறை, தாசில்தார். அரண்யா என்று இருந்தால் வனத்துறை. அங்கே இன்னொரு சட்டம் குறுக்கே நிற்கிறது: 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம். காட்டு நிலத்தைக் காடல்லாத காரியத்துக்கு மாற்ற மத்திய அரசு ஒப்புதல் வேண்டும். அதனால் மரப்பாலம், குதிக்கும் மேடை, சிமென்ட் என்றெல்லாம் படம் வரைந்து கொண்டுபோய் நீட்டினால் கதை அன்றைக்கே முடிந்தது. இருக்கிற நடைபாதையை இருக்கிற அகலத்தில் பயன்படுத்த, இன்ன நேரத்தில், இத்தனை பேருக்கு, மழை மாதங்களில் மூடி என்று கேட்டால் காது கொடுப்பார்கள்.

துரஹள்ளியில் 2021 பிப்ரவரியில் மரப்பூங்கா போடப் போகிறார்கள் என்றதும் அந்தப் பக்கத்துக் குடியிருப்பு மக்கள் தெருவில் வந்து நின்றது உங்களுக்குத் தெரிந்திருக்காது. பூங்கா வேண்டாம், காடு காடாகவே இருக்கட்டும் என்றார்கள். அதே மக்கள் நம் ராம்ப்பைப் பார்த்துக் கைதட்டுவார்களா? அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற பாதைதான் நிற்கும்.

மனு கன்னடத்தில் இருக்கட்டும். இதில் சமரசமே வேண்டாம். ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் பவர்பாயின்ட் போட்டுக்கொண்டு போனவர்கள் தூசி படிந்த மேசையில் அதை வைத்துவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் கன்னடம், ஒரு வரைபடம், சர்வே எண்கள், கீழே உள்ளூர்க்காரர்கள் நாலு பேர் கையெழுத்து. உங்கள் ஆபீஸ் நண்பன் வாங்குகிற ஐயாயிரம் கையெழுத்தைவிட அந்த ஆட்டுக்காரர் கைநாட்டு கனமானது.

கோரமங்களா_விஜி:

அக்கா, மரியாதையோடு மறுக்கிறேன். எதற்கு இவ்வளவு குனிவு? அதே இடங்களில் ராத்திரி டிப்பர் லாரி கட்டடக் கழிவு கொட்டுகிறது. பிறந்தநாள் பார்ட்டி நடக்கிறது, காலையில் போனால் பாட்டில் துண்டு. புல்லட்டில் போகிறவனை யாரும் கேட்பதில்லை. சத்தம் போடாமல் காலையில் போய்விட்டு வருகிற சைக்கிள்காரன் மட்டும் மனு எழுதிக்கொண்டு நிற்க வேண்டுமா?

நான் கொஞ்ச காலம் ஸ்காட்லாந்தில் இருந்தேன். அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலும் யார் நிலத்திலும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். பண்ணை வேலியில் கதவைத் திறந்து, போய், மூடிவிட்டுப் போவோம். இங்கே நூறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் போய் நின்றால் தானாகத் திறக்கும் என்பது என் கட்சி.

சயனைடு_மேட்டுக்காரி:

விஜி, டிப்பர் லாரி விஷயத்தில் உங்கள் கோபம் முழுவதும் எனக்கும் உண்டு. ஆனால் நூறு பேர்?

2024 குடியரசு தின விடுமுறையில் குமார பர்வத மலையேற்றப் பாதையில் என்ன ஆயிற்று என்று நினைத்துப் பாருங்கள். கூட்டம் போய் நின்றது, படம் ஊரெல்லாம் சுற்றியது, உடனே நுழைவை நிறுத்தினார்கள். அப்புறம் ஆன்லைனில் பதிவு செய்தால்தான் உள்ளே, ஒரு பாதையில் நாளுக்கு 300 பேருக்கு மேல் கூடாது என்று ஆக்கினார்கள். அந்த வருஷமே மலையேற்றப் பதிவுக்கான அரண்ய விஹாரா தளமும் வந்தது. கூட்டத்தால் கதவு மூடியது, கணக்கால் திறந்தது. எனக்கு அந்த ஏற்பாட்டில் ஒரு கதவு தெரிகிறது. மலையேறுகிறவனுக்குப் பதிவு, வரம்பு, கட்டணம் என்று ஒரு முறை ஏற்கெனவே இருக்கும்போது, சைக்கிளுக்கும் ஒன்றிரண்டு இடத்தில் அதே முறையைக் கொடுங்கள் என்று கேட்பது புதுச் சட்டம் கேட்பதைவிட எளிது. மல்லேஸ்வரத்தில் வனத்துறைத் தலைமையகமான அரண்ய பவனுக்கு எழுதுகிறபோது இதைத்தான் முதல் பத்தியில் போடச் சொல்வேன்.

ஸ்காட்லாந்தில் யானை கிடையாது. ராகி வயலும் அதன் காவலுக்கு ராத்திரி முழுவதும் கண் விழிக்கிற விவசாயியும் கிடையாது. அந்தச் சட்டத்தை இங்கே அப்படியே கொண்டுவந்தால் முதலில் உள்ளே போவது நாமா, உங்கள் பார்ட்டிக்காரர்களா?

இதே சண்டை மவுன்டன் பைக் பிறந்த ஊரிலும் நடந்தது. கலிபோர்னியாவில் மரின் கவுண்டி, டமால்பாயஸ் மலை. 1970களில் பழைய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் சரிவில் விட்டார்கள். கொஞ்ச நாளில் நடப்பவர்கள், குதிரைக்காரர்கள் எல்லாம் எதிர்த்து, ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. அந்த மாதிரித் தடைகளை எதிர்கொள்ளத்தான் 1988இல் கலிபோர்னியக் கிளப்புகள் சேர்ந்து இம்பா என்ற சங்கத்தைத் தொடங்கின. அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது, கையில் மண்வெட்டி எடுத்ததுதான். பாதை எப்படி வெட்டினால் அரிக்காது என்று கணக்குப் போட்டு எழுதி வைத்தார்கள், தாங்களே போய்ச் செப்பனிட்டார்கள். நமக்கும் அந்தக் கணக்கு பயன்படும்.

கார்த்தி, உங்கள் பாறை மேட்டுக்கு அதைச் சொல்கிறேன். மேட்டின் பக்கச் சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் போகக் கூடாது. பக்கச் சரிவு 20 சதவீதம் என்றால் பாதை 10க்குள். அதைத் தாண்டினால் தண்ணீர் குறுக்கே கடக்காமல் பாதையோடு சேர்ந்து ஓட ஆரம்பிக்கும். மொத்தச் சராசரியும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. போனில் மட்டம் பார்க்கிற கருவி இருக்கிறதே, அதில் 6 டிகிரி காட்டினால் ஏறக்குறைய 10 சதவீதம். பாதையின் மேற்பரப்பு பள்ளத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், 5 சதவீதம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். இடையிடையே ஒரு சின்ன இறக்கம் வைத்து மறுபடி ஏற்ற வேண்டும், அந்த இறக்கத்தில் தண்ணீர் வெளியே போய்விடும்.

சந்தேகம் இருந்தால் பாட்டில் தண்ணீரைப் பாதையில் ஊற்றிப் பாருங்கள். குறுக்கே போய்ப் புல்லுக்குள் இறங்கினால் பாதை சரி. உங்கள் முன்னாலேயே நேராகக் கீழே ஓடினால் அந்த இடத்தை மாற்ற வேண்டும். ஆட்டுத்தடம் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும், ஆடு நேராக ஏறும்.

புல்வெளி_வானம்பாடி:

நான் சைக்கிள் ஓட்டுவதில்லை, பறவை பார்ப்பவன். இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

வடக்கே ஹெசரகட்டா புல்வெளியை வெறும் பொட்டல் என்று நினைத்து அங்கே சுற்று போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2024இல் அங்கே 5,678 ஏக்கரைப் பாதுகாப்புக் காப்பகமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புக்கொண்டது, அதற்குப் பல வருஷப் போராட்டம் தேவைப்பட்டது. வானம்பாடி, ஆள்காட்டி எல்லாம் தரையில் முட்டை வைக்கிறவை. ஆள்காட்டி முட்டை கூழாங்கற்களுக்கு நடுவே கூழாங்கல் மாதிரியே கிடக்கும், நின்று பார்த்தாலே தெரியாது, சக்கரத்தில் வருகிறவருக்கு எங்கே தெரியப்போகிறது? குளிர்காலத்தில் வருகிற பூனைப்பருந்துகள் ராத்திரி தங்குவதும் புல்லுக்குள் தரையில்தான்.

கார்த்தி, உங்கள் பாறை மேட்டில் எச்சம் வெள்ளையாக வழிந்த இடுக்கு இருந்தால் கொஞ்சம் தள்ளியே பாதையை வையுங்கள். கொம்பன் ஆந்தை அந்த மாதிரி இடுக்கில் வெறும் மண்ணில் முட்டை வைக்கும், குளிர்காலத்தில்தான். ஏரியிலும் தண்ணீர் விளிம்பை விட்டுவிட்டு மேலே போங்கள். வேண்டுமென்றால் நான் வந்து நடந்து பார்த்துச் சொல்கிறேன்.

ஓசூர்_குணா:

மேட்டக்கா சொன்னதோடு எங்கள் பக்கத்துச் சங்கதி ஒன்று. பெங்களூர்ப் பையன்கள் சனிக்கிழமையானால் தளி, ஜவளகிரி என்று கிளம்பி வருகிறார்கள். ராகி முற்றுகிற நேரத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டம் இந்த வழியாகத்தான் இறங்கும். ஊர்க்காரர்களே இருட்டில் வெளியே வர யோசிக்கிறார்கள், இவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஹெட்லைட் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சைக்கிளில் சத்தம் இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோமே, யானைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் போய் நிற்பதுதான் ஆபத்து. எல்லை தாண்டினால் அனுமதியும் வேறு, தமிழ்நாடு வனத்துறை.

நாங்கள் அதனால் காட்டை விட்டுவிட்டோம். ஒரு மாந்தோப்புக்காரரைப் பிடித்தோம், தோப்பு கொஞ்சம் சரிவில் இருக்கிறது. அவர் போட்ட நிபந்தனை: பூ விட்டதிலிருந்து காய் பறித்து முடியும்வரை வரக் கூடாது, கேட்டை மூட வேண்டும், சொட்டுநீர்க் குழாயை மிதிக்கக் கூடாது, நாயை அடிக்கக் கூடாது. குழாய் போகிற இடத்திலெல்லாம் நாங்களே கல் அடுக்கிக் கொடுத்தோம். வருஷத்தில் பாதிநாள்தான் ஓட்டம். ஆனால் யாரும் துரத்துவதில்லை, மோரும் கிடைக்கிறது.

கோணனகுண்டே_கார்த்தி:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி திஷாங்க் போட்டுக்கொண்டு நேற்று மாலை முழுவதும் நடந்தேன்.

பாறை மேடு சர்க்காரி கோமாளா. ஏரி தனி சர்வே எண், கேரே (ஏரி) என்றே இருக்கிறது. தைலமரத் தோப்பு தனியார். உரிமையாளர் வீடு டீக்கடைக்கு எதிரிலேயே. நல்ல மனிதர், உட்காரவைத்துக் காபி கொடுத்தார். ஆனால் சங்கராந்தி முடிந்ததும் மரம் வெட்டக் கான்ட்ராக்ட் கொடுத்துவிட்டாராம், அதற்கப்புறம் நிலத்தை என்ன செய்வது என்று மகன்தான் முடிவு செய்வாராம். மகன் ரியல் எஸ்டேட். அந்தப் பகுதியை நான் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நாலு கிலோமீட்டர் இப்போது இரண்டரை.

ஆட்டுக்காரர் பெரியவர் நன்றாகத் தமிழ் பேசுகிறார், பெண் கொடுத்தது தர்மபுரியாம். சைக்கிள் வரட்டும், ஆனால் சாயங்காலம் ஆடு திரும்புகிற நேரத்தில் வேண்டாம், குட்டிகள் மிரளும் என்றார். அதை மனுவிலேயே எழுதிவிடலாமா? மேல்வீட்டு ஆன்ட்டி கன்னடத்தில் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார், அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை.

பாட்டில் சோதனையும் செய்தேன். மூன்று இடத்தில் தண்ணீர் நேராகக் கீழே ஓடியது. வருகிற ஞாயிறு மண்வெட்டியோடு போய் அந்த மூன்றையும் சரிசெய்துவிடலாமா? ஏரிக்கரை மேலும் ஒரு இடத்தில் குழி, அதையும் வெட்டிச் சமன் செய்துவிட்டால் கரையிலேயே நேராகப் போய்விடலாம்.

சயனைடு_மேட்டுக்காரி:

பெரியவர் சொன்னதை முதல் நிபந்தனையாகவே எழுதுங்கள். "மாலை 4 மணிக்கு மேல் சைக்கிள் வராது" என்று நாமே எழுதிக் கொடுத்தால் தாசில்தாருக்கு வேலை மிச்சம். மனு தாசில்தாருக்கு, நகல் பிடிஓவுக்கு, அதாவது பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரிக்கு. உங்கள் இடம் மாநகராட்சி எல்லைக்குள் போய்விட்டதா என்று முதலில் பாருங்கள், அந்தப் பக்கமெல்லாம் எல்லை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒப்புகை முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஆசிரியை ஆன்ட்டியையும் கூடவே அழைத்துப் போங்கள், அவரிடம் படித்த பையன் யாராவது அந்த ஆபீஸில் இருப்பான், பெங்களூரில் இது நடக்கும்.

கரையில் கை வைக்காதீர்கள். அது பாதை மாதிரித் தெரிந்தாலும் தண்ணீரைத் தாங்கி நிற்கிற மண் அணை. மேலே ஒரு அடி வெட்டினால் ஏரி நிரம்புகிற அன்று அந்த இடம்தான் முதலில் உடையும், கீழே இருக்கிற லே-அவுட் உங்களுடையது. குழி இருந்தால் பஞ்சாயத்திடம் சொல்லுங்கள், நாம் இறங்கி நடந்து கடப்போம்.

மேட்டிலும் அனுமதி வரும்வரை ஒரு வெட்டுக்கூட வேண்டாம். ஞாயிறு வருகிறேன், நடந்து பார்ப்போம். பழைய வேட்டித் துணியைக் கிழித்து எடுத்துவாருங்கள், பாதை போக வேண்டிய இடத்தில் செடியில் கட்டிக்கொண்டே போகலாம், பிளாஸ்டிக் நாடா வேண்டாம், ஆடு தின்றுவிடும். வானம்பாடிக்காரர் உண்மையாகவே வருவதானால் அவர் முன்னால் நடக்கட்டும், ஆந்தை இடுக்கை அவர்தான் கண்டுபிடிப்பார். வேலை தொடங்குவது மனு நகர்ந்தால் ஜனவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் அப்போது காய்ந்து கடப்பாரையைத் துள்ளவைக்கும், அதற்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் முந்தின நாளே நனைத்து வைக்க வேண்டும். விஜி, நூறு பேர் இருக்கிறார்கள் என்றீர்களே, குடம் தூக்க அதில் பத்துப் பேர் போதும்.

கோரமங்களா_விஜி:

ஆறு பேர் தேறுவார்கள். நான் வருகிறேன், ஆனால் அரண்ய பவன் கடிதத்தை நான்தான் எழுதுவேன், குமார பர்வத விஷயத்தை என் மொழியில் போடுவேன்.

சயனைடு_மேட்டுக்காரி:

போடுங்கள். அனுப்புவதற்கு முன் இங்கே ஒட்டுங்கள், காரத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கிறேன்.

உல்சூர்_மணி:

ஞாயிறு எத்தனை மணிக்கு? மெட்ரோ அன்றைக்குத் தாமதமாகத்தான் கிளம்பும், நான் உல்சூரிலிருந்து சைக்கிளிலேயே வந்துவிடுகிறேன். கடப்பாரை என்னிடம் ஒன்று இருக்கிறது, ஜனவரிக்குத் தருகிறேன்.

கோணனகுண்டே_கார்த்தி:

ஏழரைக்கு டீக்கடையில். சனிக்கிழமை மழை பெய்தாலும் வாருங்கள், நடக்கத்தானே போகிறோம்.